கரிசலும் தேரியும் ஒரே மாவட்டத்தில், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தூத்துக்குடி மாவட்டத்தைக் கேட்கிறீர்கள். மழையை மட்டும் பார்த்தால் பிடிபடாது, கோவில்பட்டிக் கரிசல், திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடு, இரண்டுமே வடகிழக்குப் பருவமழையை நம்பிய வறண்ட பூமிதான். விழுந்த தண்ணீரை மண் என்ன செய்கிறது என்று பாருங்கள். கரிசல் களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஆனால் ஈரத்தை விடாது, அதனால்தான் மானாவாரியில் பருத்தி, கம்பு, உளுந்து எல்லாம் வருகிறது. தேரியோ காற்று குவித்த மணல். சிவப்புக்குக் காரணம் மணலில் படிந்த இரும்பு ஆக்சைடு. மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், மேலே பனை, உடைமரம், கொல்லாமா (முந்திரி) மாதிரி வறட்சி தாங்குபவைதான் பிழைக்கும். இறங்கிய தண்ணீர் தாழ்வான இடத்தில் சுனையாகக் கசியும். அப்புறம், செடிகளும் சும்மா நிற்கவில்லை: மரத்தை வெட்டினால் ஆடிக் காற்றில் மணல் நகர ஆரம்பித்துவிடும்.