விசாரணை: குற்றத்தைச் சொல்லாத நாவலுக்கு ஏன் இத்தனை சண்டை?

வாசகர் கேள்வி பதில்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் ஒரு வாசிப்பு வட்டத்தார் ஃப்ரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’யைக் கூடிப் படித்து இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். கடிதங்கள் கட்டாக வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பாதிப் பேர் மேதைமை என்கிறார்கள், பாதிப் பேர் ஏமாற்று என்கிறார்கள். குற்றம் இன்னதென்று கடைசிப் பக்கம்வரை சொல்லாத நாவல் எப்படி நல்ல நாவல் ஆகும்?
(கொழிஞ்சாம்பாறை)

படிக்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில்: வங்கி அதிகாரி யோசப் க. தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைது செய்யப்படுகிறார். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. ஓராண்டு அலைகிறார். முப்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு, தொப்பி வைத்த இரண்டு பேர் வந்து ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரிக்கு அழைத்துப்போய்க் கத்தியால் குத்திக் கொல்கிறார்கள்.

‘என்ன குற்றம், என்ன தீர்ப்பு’ என்று கேட்டுக்கொண்டே படிப்பவருக்கு இதில் கைக்கு எதுவும் கிடைக்காது. அவர் ஏமாந்தேன் என்றால் அது நியாயமான புகார்தான். ‘நடைமுறை எப்படி நகர்கிறது’ என்று பார்ப்பவருக்கோ பக்கத்துக்குப் பக்கம் தீனி இருக்கிறது. முதல் விசாரணையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள், மணி சொல்வதில்லை. ஒன்பது மணி என்று க. தானாகவே முடிவு செய்கிறார். ஏழைகள் குடியிருக்கும் அடுக்குவீட்டில் எந்த அறை என்று தெரியாததால், லான்ஸ் என்று ஒரு தச்சரைத் தேடுவதாகப் பொய் சொல்லிக் கதவு கதவாகத் தட்டுகிறார். ஐந்தாம் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் பெண் ‘உள்ளே போங்கள்’ என்கிறாள். உள்ளே நீதிமன்றம். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்து, ‘ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்’ என்கிறார். நேரம் குறிக்காத அழைப்புக்குத் தாமதம் மட்டும் நிமிடக் கணக்கில்! இந்த இடத்தில் புன்னகை வராதவருக்கு மீதிப் புத்தகமும் கடினம்தான்.

உங்கள் வட்டத்தின் இரு கட்சிகளும் ஒரே புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

கேள்வி: வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருட அனுபவம் எனக்கு. இந்த நாவல் சட்டம் தெரியாதவர் எழுதியதுபோல் இருக்கிறதே?
(சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்)

எழுதியவர் 1906இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்தத் தொழிற்சாலை எந்த ஆபத்து வகுப்பில் வரும், அதை எதிர்த்து முதலாளிகள் கொடுத்த மேல்முறையீடு என்ன ஆயிற்று என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வந்த கோப்புகள்.

நம் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி கைதானவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அதை வைத்துப் பார்த்தால் முதல் அத்தியாயமே சட்டவிரோதம். ஆனால் க.வை யாரும் லாக்கப்பில் வைக்கவில்லை. கைது என்று அறிவித்துவிட்டு, ‘வங்கிக்கு வேலைக்குப் போகலாமே’ என்கிறார்கள். துணைக்கு அனுப்ப அவருடைய வங்கி எழுத்தர்கள் மூன்று பேரையே கூட்டி வந்திருக்கிறார்கள். காஃப்கா நம்மிடம் இருப்பதுபோன்ற வழக்கமான நீதிமன்றத்தை வைத்து எழுதவில்லை. அதற்குப் பக்கத்தில், குடியிருப்பு வீடுகளின் பரண்களில் நடக்கும் இன்னொன்றைக் கட்டுகிறார். கட்டிய பிறகு அதன் விதிகளை மீறுவதில்லை.

உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான பகுதி ஓவியர் டிட்டோரெல்லியின் அத்தியாயம். நீதிபதிகளைப் படம் வரைந்து பிழைப்பவர் அவர். தப்பிக்க மூன்று வழி சொல்கிறார்.

முதலாவது உண்மையான விடுதலை. கோப்புகள் எல்லாமே அழிக்கப்பட்டுவிடும். ஆனால் அப்படி ஒன்று நடந்து அவர் பார்த்ததில்லை, பழங்கதைகளில் மட்டும் உண்டு. இரண்டாவது வெளித்தோற்ற விடுதலை. ‘இவர் நிரபராதி’ என்று ஓவியர் ஒரு தாள் எழுதி, தெரிந்த நீதிபதிகளிடம் சுற்றிக் கையெழுத்து வாங்குவார். க. விடுதலையாகி வீட்டுக்குப் போகலாம். கோப்பு மட்டும் சாகாது. மேலே போகும், கீழே வரும். என்றோ ஒருநாள் ஒரு நீதிபதி அதைப் புரட்டினால் மறுபடியும் கைது. வீடு திரும்பும்போதே போலீஸ் காத்திருந்த வழக்கும் உண்டாம். மூன்றாவது இழுத்தடிப்பு. வழக்கு அடிப்படியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு அவ்வப்போது நீதிபதியைப் போய்ப் பார்க்க வேண்டும், சிறு விசாரணைகளுக்குத் தலைகாட்ட வேண்டும், முடியாத நாளில் சொல்லியனுப்பலாம்.

வாய்தா வாங்கிப் பழகியவருக்கு மூன்றாவது வழி புதிதாக இருக்காது. வியாபாரி ப்ளாக் ஐந்து வருடத்துக்கு மேல் வழக்கு நடத்துகிறார். வக்கீல் ஹுல்ட் போதாதென்று அவருக்குத் தெரியாமல் இன்னும் ஐந்து சில்லறை வக்கீல்கள். ஆறாவது ஆளிடமும் பேச்சு நடக்கிறது. கோர்ட், தாலுகா ஆபீஸ் வாசல்களில் நின்றவர்கள் இந்த அத்தியாயங்களை யதார்த்தம் என்கிறார்கள். நிற்காதவர்கள் மிகை என்கிறார்கள். உங்கள் வட்டம் பிரிந்ததில் வயதும் வேலையும் பெரும் பங்கு வகித்திருக்கும்.

கேள்வி: என் ஆங்கிலப் பிரதியில் நான்காவது அத்தியாயம் ப்யூர்ஸ்ட்னரின் தோழி பற்றியது. நண்பர் பிரதியில் அது பின்னால் துண்டுகளில் கிடக்கிறது. எது சரி?
(மீனாட்சிபுரம்)

சண்டையில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். (ப்யூர்ஸ்ட்னர், க. குடியிருக்கும் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் பெண்.)

1914 ஆகஸ்டில் தொடங்கி 1915 ஜனவரியில் காஃப்கா இந்த நாவலைக் கைவிட்டார். முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார், நடுப்பகுதி பிறகு. நோட்டுகளிலிருந்து கிழித்துத் தனித்தனிக் கட்டாக வைத்த 161 தாள்கள் மிஞ்சின; அத்தியாய எண் கிடையாது. 1924இல் அவர் இறந்ததும், எரித்துவிடச் சொன்னதை மீறி நண்பர் மாக்ஸ் ப்ரோட் தாமே ஒரு வரிசை கொடுத்து 1925இல் வெளியிட்டார். முடியாத துண்டுகளை அந்தப் பதிப்பில் சேர்க்கவில்லை. வில்லா, எட்வின் ம்யூர் தம்பதியின் 1937 ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த ப்ரோட் பதிப்பை ஒட்டியது. 1990இல் மால்கம் பாஸ்லி கையெழுத்துப் பிரதியை வைத்து ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தபோது, ‘தோழி’ அத்தியாயம் முடிவடையாதது என்று துண்டுகளோடு சேர்த்தார். 1998இல் வந்த ப்ரியன் மிட்சலின் ஆங்கிலம் அதைப் பின்பற்றுகிறது. நான்காவது அத்தியாயத்தைப் பார்த்தாலே கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பாஸ்லி வரிசையிலும் முட்டல் தீரவில்லை. வக்கீல் அத்தியாயத்தில் பனி பெய்கிறது. அதற்குப் பின்னால் வரும் தேவாலய அத்தியாயம் இலையுதிர் காலத்தில் நடக்கிறது. க.வின் சித்தப்பா ஓரிடத்தில் கார்ல், இன்னோரிடத்தில் ஆல்பர்ட். 1997இல் ஜெர்மனியில் ஒரு பதிப்பகம் பதினாறு தனிப் புத்தகங்களாக ஒரு பெட்டியில் போட்டு, வரிசையை வாசகரிடமே விட்டுவிட்டது.

எனவே ‘கட்டுக்கோப்பு இல்லை’ என்று ஒருவர் சொன்னால், ‘அது உத்தி’ என்று பாய்ந்து மறுக்காதீர்கள். சில இடத்தில் அது உத்தி, சில இடத்தில் வெறும் முடியாத வேலை. தமிழில் ஏ.வி. தனுஷ்கோடி நேரடியாக ஜெர்மனிலிருந்து செய்த மொழிபெயர்ப்பு க்ரியா வெளியீடாக வந்தது. வட்டத்தில் எல்லோரும் அதையே வைத்துக்கொண்டு பேசினால் இந்தக் குழப்பமாவது குறையும்.

கேள்வி: இதில் வரும் பெண்கள் எல்லோரும் க.வின் மடியில் உட்காரத்தான் பிறந்தார்களா? இதைக் கேட்டால் ‘காஃப்காவைப் புரிந்துகொள்ளவில்லை’ என்கிறார்கள்.
(வாளையாறு வாசகி)

புரிந்துகொண்டுதான் கேட்கிறீர்கள். வக்கீல் வீட்டு லெனி, நீதிமன்றத்தில் துணி துவைக்கும் பெண் இருவரும் ஆசை காட்டும் வேலைக்கு மேல் வளர்வதில்லை. ப்யூர்ஸ்ட்னர் கொஞ்சம் பரவாயில்லை; அவளுக்கு வேலை, களைப்பு, எரிச்சல் எல்லாம் உண்டு. அவளைக் க. பிடித்து முத்தமிடும் இடம் அருவருப்பாக எழுதப்பட்டிருக்கிறது, வேண்டுமென்றேதான். க.வின் அகந்தையை நாவல் பார்க்கிறது. அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை.

கையெழுத்துப் பிரதியில் ப்யூர்ஸ்ட்னரின் பெயர் பெரும்பாலும் எஃப்.பி. என்ற சுருக்கம். அதே முதலெழுத்துகள் கொண்ட ஃபெலிஸ் பாவருடனான காஃப்காவின் நிச்சயதார்த்தம் 1914 ஜூலையில் பெர்லின் ஹோட்டல் ஒன்றில், உறவுக்காரர் முன்னிலையில் முறிந்தது. அதை அவர் டைரியில் நீதிமன்றம் என்றே எழுதினார். இது பின்னணி, உங்கள் குறைக்குப் பதில் ஆகாது.

கேள்வி: போராட வழியே காட்டாத இலக்கியத்தால் யாருக்கு லாபம்?
(வேலந்தாவளம்)

கேரள எல்லையில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஹங்கேரி மார்க்சிய விமர்சகர் ஜார்ஜ் லூக்காச் உங்கள் கட்சி. காஃப்காவைவிட ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன்னை உயர்த்திப் பிடித்தார். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1947இல் வேறு கோணத்தில் எதிர்த்தார். இன்னொரு பக்கம், 1963இல் செக்கோஸ்லோவாக்கியாவின் லிப்லிசேயில் கூடி, சோஷலிச நாட்டுக்கும் காஃப்கா தேவை என்று வாதாடியவர்களும் மார்க்சியர்களே. க. ஓரிடத்தில் போராடத்தான் செய்கிறார்: கைது செய்ய வந்த காவலர்கள் லஞ்சம் கேட்டதை முதல் விசாரணையில் சபை முன் புகார் செய்கிறார். பலன், வங்கியின் குப்பை அறையில் அந்தக் காவலர்களுக்குப் பிரம்படி. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: இது நகைச்சுவையா?
(குமுளி)

முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது காஃப்காவே சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்த வேண்டியிருந்தது என்று ப்ரோட் பதிவு செய்திருக்கிறார். உரக்கப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஏழாவது அத்தியாயத்தில் எங்களில் பலர் நிறுத்திவிட்டார்கள். மறுபடி எப்படி ஆரம்பிப்பது?
(கொழிஞ்சாம்பாறை)

எல்லோரும் நிற்கும் இடம் அதுதான். வக்கீலின் பேச்சு பத்தி பிரிக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. கதையாகப் படித்தால் தூக்கம் வரும். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, ‘செய்ததாகச் சொன்னது’, ‘செய்தது’ என்று பிரித்து எழுதிக்கொண்டே போங்கள். இரண்டாவது கட்டத்தில் எதுவும் விழாது. முதல் மனுவே இன்னும் தாக்கலாகவில்லை.

நான்கு அமர்வு போதும். முதலில் கைதும் முதல் விசாரணையும். அடுத்து காலியான நீதிமன்றமும் பிரம்படியும். மூன்றாவதில் சித்தப்பா, வக்கீல், ஓவியர். இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியில் ப்ளாக், தேவாலயம், முடிவு. ஹிட்லர், ஸ்டாலின் ஆட்சிகளை முன்கூட்டிச் சொன்ன நாவல் என்ற பேச்சை முதல் மூன்று அமர்வு முடியும்வரை ஒத்திவையுங்கள். அதைத் தொடங்கினால் புத்தகத்தை யாரும் திறக்கமாட்டார்கள்.

தேவாலய அத்தியாயத்தில் பாதிரியார் சொல்லும் வாயிற்காவலன் கதையை 1915இலேயே காஃப்கா தனியாக வெளியிட்டுவிட்டார். சட்டத்துக்குள் நுழைய வந்த கிராமத்தான் வாசலில் உட்கார்ந்தே செத்துப்போகிறான். கதை முடிந்ததும் க. ‘காவலன் ஏமாற்றிவிட்டான்’ என்கிறார். பாதிரியார் அவசரப்படாதே என்று சொல்லி, ஏமாந்தது காவலன்தான் என்பது உட்படப் பழைய உரைகாரர்களின் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். உங்கள் வட்டத்துச் சண்டை புத்தகத்துக்குள்ளேயே ஒருமுறை நடக்கிறது. கிராமத்தான் சாகும் வரியில் புத்தகத்தை மூடி, யார் யாரை ஏமாற்றியது என்று ஆளுக்கொரு வரி எழுதி வாங்கிவிட்டு, பிறகு பாதிரியாரின் வாதத்தைப் படியுங்கள்.