10 மாதக் குழந்தையை நீரில் உயிர்தப்பும் பயிற்சிக்கு அனுப்பலாமா?

கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள், பால்கனிக்குக் கீழேயே குளம், கைப்பேசியில் பச்சைக்குழந்தை தண்ணீரில் விழுந்து தானே மல்லாந்து மிதக்கும் காணொளி. கேட்கத்தான் தோன்றும். என் பதில்: ஒரு வயது ஆகட்டும், பிறகு தாராளமாகச் சேருங்கள்.

அந்தக் காணொளிகளில் வரும் முறையை 1966இல் அமெரிக்காவில் ஹார்வி பார்னெட் என்பவர் தொடங்கினார். ஆறு மாதத்திலிருந்தே கற்றுத்தருகிறார்கள். ஆனால் ஒரு வயதுக்குக் கீழ் நீச்சல் வகுப்பால் மூழ்கும் ஆபத்து குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பலன் இருப்பதாக 2009இல் வந்த ஆய்வு காட்டியது. அதுவரை தண்ணீர் பழகட்டும் என்று நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கினால் போதும்.

என் மகளை இரண்டு வயதில் சேர்த்தோம். கோச் முதலில் கை வீசவோ கால் அடிக்கவோ சொல்லவில்லை. வெளியே ஏறச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீருக்குள் திரும்பி விளிம்பைப் பிடி, ஒரு முழங்கை, மறு முழங்கை, வயிறு, முட்டி. அவள் அதே வரிசையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வீட்டு சோபாவில் ஏறுவாள். பாட்டிக்கு மட்டும் சோபா உறை கசங்குகிறதே என்ற கவலை. வகுப்பு பார்க்கப் போனால் இதைத்தான் கவனியுங்கள்: விழுந்த பிள்ளை திரும்பி விளிம்புக்கு வரக் கற்றுத்தருகிறார்களா? பிள்ளையை அழ அழ முக்கியெடுக்கும் இடமென்றால் நான் அன்றே கிளம்பிவிடுவேன்.

இவ்வளவும் தருவது சில விநாடி அவகாசம்தான். மூழ்கும் குழந்தை கத்தாது, பெரும்பாலும் கையை ஆட்டிக் கூப்பிடக்கூடச் செய்யாது. வார இறுதியில் பார்பிக்யூ குழி பக்கம் இருபது பேர் நிற்பார்கள், 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். கையில் போன் கூடாது, கை நீட்டினால் பிள்ளை எட்ட வேண்டும். பல கொண்டோ குளங்களில் உயிர்காப்பாளர் கிடையாது. காற்றடைத்த கைப்பட்டை விளையாட்டுச் சாமான்தான். கழுத்து வளையமோ வேண்டவே வேண்டாம், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் அதைப் பற்றி எச்சரித்தது. வீட்டுக் குளியலறையில் வாளி நிரப்பி வைக்கும் நம் பழக்கத்தையும் கொஞ்சநாள் நிறுத்துங்கள்.

பள்ளியில் ஸ்விம்சேஃபர் என்ற சிங்கப்பூரின் நீச்சல், நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் சொல்லிக்கொடுப்பார்களே என்று காத்திருக்காதீர்கள். 2010இல் தொடங்கிய நல்ல திட்டம், ஆனால் அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு.

இன்னொன்று. பகலில் பாப்பாவைக் குளத்துக்குக் கூட்டிப்போகப்போவது பணிப்பெண் என்றால், அவருக்கு நீச்சல் தெரியுமா என்று இன்றே கேளுங்கள். தெரியாதென்றால் நீங்கள் வேலை முடிந்து வரும்வரை குளம் வேண்டாம். நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதும் சிபிஆர் முதலுதவிப் பயிற்சிக்கு அவரையும் சேர்த்தே அனுப்புங்கள்.