நாய்க்கு மாத்திரை, சுவருக்கும் மருந்து

கேள்வி: நாங்கள் சாட்ஸ்வர்த்தில் இரட்டை வீட்டில் குடியிருக்கிறோம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், அவர்களிடம் இரண்டு நாய்கள். விலங்குக் காப்பகத்தில் ஐந்து வயது மால்டீஸ் கலப்புப் பெண் நாய் ஒன்றைப் பார்த்தோம், எடை ஆறு கிலோ. மகன் அதைத் தவிர வேறு நாய் வேண்டாம் என்கிறான். ஆனால் அதற்கு எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல். வந்தபோது பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) 58,000தான் இருந்ததாம். ஒரு வாரமாக மாத்திரை கொடுக்கிறார்கள். கருத்தடை ஆபரேஷனை இப்போது செய்ய முடியாது, அதுவரை தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். "நோய் பிடித்த நாய் பிள்ளைக்கு ஒட்டும்" என்று மாமியார் பயப்படுகிறார். எடுக்கலாமா?
– வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: எடுக்கலாம். கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. சிவப்பணு விகிதமும் (நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 சதவீதம் இயல்பு) வெள்ளையணு எண்ணிக்கையும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பிளேட்லெட் மட்டும் இறங்கி மற்ற இரண்டும் ஓரளவு நிற்கிறதென்றால் இது நன்றாகக் குணமாகக்கூடிய நோய். மூன்றும் சேர்ந்து விழுந்திருந்தால் கிருமி நெடுநாள் உடம்பில் தங்கி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்திருக்கக்கூடும். தயங்க வேண்டிய நிலை அது ஒன்றுதான். அப்படியானால் டாக்டரிடம் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு வாரம் மருந்து போயிருக்கிறது அல்லவா, மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல நாய்க்கு பிளேட்லெட் சுமார் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். அந்த அளவை இப்போதே தொட வேண்டியதில்லை, 58,000 தெளிவாக மேலே ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அசையாமல் அங்கேயே நின்றால் கூடவே வேறு உண்ணி நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிலியரி, அதாவது பபீசியா என்ற கிருமி சிவப்பணுக்களைத் தாக்கும் உண்ணி நோய்.

மாமியாரின் பயத்துக்கு நேரான பதில் இருக்கிறது. இந்தக் கிருமி நாயின் எச்சிலிலோ முடியிலோ மூச்சிலோ பிள்ளைக்கு வராது. நாயிடமிருந்து நாய்க்குப் போவதற்கும் நடுவில் ஓர் உண்ணி வேண்டும். ஆகவே அம்மா பயப்பட வேண்டியது நாய்க்கு அல்ல, உண்ணிக்கு. மனிதருக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் வேறு கிருமி, அதையும் உண்ணிதான் கொண்டுவருகிறது. நாயின் மேல் உண்ணி கண்டால் மகனைப் பிடுங்க விடாதீர்கள். கையுறை போட்டு, கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, நேராக, நிதானமாக இழுங்கள். நகத்தால் நசுக்குவது, தீக்குச்சி வைப்பது, பாரஃபின் (மண்ணெண்ணெய்) தடவுவது மூன்றும் வேண்டாம்.

மாத்திரை டாக்ஸிசைக்ளின். வழக்கமான அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதாவது உங்கள் நாய்க்கு 60. ஒரே வேளையாகவும் கொடுக்கலாம், இரண்டாகப் பிரித்து 30, 30 என்றும் கொடுக்கலாம். டாக்டர் எழுதியதுதான் கணக்கு. மனிதருக்கு விற்கும் 100 மில்லிகிராம் காப்ஸ்யூலைப் பிரித்துக் கண்ணளவில் பங்கு போடாதீர்கள். மொத்தம் 28 நாள். இதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன: சாதாரணமாக இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் விட்டு நாய் வாலாட்டிக்கொண்டு தட்டை நக்கும், உடனே மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். கிருமி அப்போதும் வெள்ளையணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். காய்ந்த தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பாதிச் சாப்பாடு, பிறகு மாத்திரை, பிறகு மீதிச் சாப்பாடு, தண்ணீர். நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை: மாத்திரையைத் தயிர்சாதத்தில் உருட்டிக் கொடுக்காதீர்கள். பாலிலும் தயிரிலும் சீஸிலும் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வேகவைத்த கோழித் துண்டுக்குள் வைத்தால் போதும். குழம்பு ஊற்றிய சோறும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய் அதைத் தாங்காது.

பிளேட்லெட் ஏறும்வரை இரத்தக்கசிவைத்தான் கவனிக்க வேண்டும். தினம் ஒரு முறை நாயை மல்லாத்தி வயிற்று முடியை விலக்கிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளி தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் மெல்ல அழுத்துங்கள். மறைந்தால் தோல் சிவப்பு. மறையாமல் அப்படியே தெரிந்தால் தோலுக்கடியில் கசிந்த இரத்தம், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கில் இரத்தம், கறுத்த மலம், திடீரென்று சிவந்த அல்லது மங்கிய கண் எல்லாம் அதே ரகம். கடினமான எலும்பு, கயிறு இழுக்கும் விளையாட்டு, சோபாவிலிருந்து குதித்தல் இவற்றை இப்போதைக்கு நிறுத்துங்கள். வலி என்று நினைத்து ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் எதையும் கொடுக்கக் கூடாது.

இனி வீடு. சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இந்த நோயைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தக்கூடியது. குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, வளர்ந்தபின் ஒரு முறை, மூன்று தடவையும் நாயிடமே இரத்தம் குடிக்கிறது. நடுவில் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் சுவரடிப் பலகைக்குப் பின்னாலும் கதவுச் சட்டத்திலும் ஒளிகிறது. இரத்தம் நிறைந்த பெண் உண்ணி சுவரேறிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வளர்ந்த உண்ணி பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கும். டர்பனின் வெக்கையில் குளிர்காலம் என்று அதற்கு ஓய்வு கிடையாது.

ஆகவே நாய் வீட்டுக்கு வரும் முன்பே தொடங்குங்கள். உண்ணிக்கென்று லேபிளில் எழுதியுள்ள, வீட்டுக்குள் அடிக்கத்தக்க மருந்தை வெடிப்புகளிலும் ஓரங்களிலும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் நாயை விடுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப அடிக்க வேண்டும். பெரிய வெடிப்புகளைச் சிமெண்ட் பூசி அடைத்துவிடுவது எந்த மருந்தையும்விட மேல். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரியில் துவையுங்கள்.

நாய்க்கு உள்ளே கொடுக்கும் உண்ணி மாத்திரை தனி. ஃப்ளூராலனர் வகை ஒரு முறை கொடுத்தால் சுமார் 12 வாரம் காக்கும், 4.5 முதல் 10 கிலோ வரைக்கு 250 மில்லிகிராம் மாத்திரை. பெரிய நாயின் மாத்திரையை வாங்கி வெட்டிக் கொடுப்பது சேமிப்பாகத் தெரியும். மருந்து மாத்திரை முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, செய்யாதீர்கள். முன்பு வலிப்பு வந்த நாயா என்று காப்பகத்தில் கேளுங்கள், வந்திருந்தால் டாக்டர் வேறு மருந்து பார்ப்பார். இந்த மாத்திரை உண்ணி கடித்தபின்தான் அதைக் கொல்கிறது, எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே உள்ளே போய்விடக்கூடும். மாத்திரையை நம்பிச் சுவரை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஜெயிஸ் ஃப்ளூயிட் என்னும் தரை கழுவும் கிருமிநாசினியைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதும், பழைய என்ஜின் ஆயில் பூசுவதும், மாட்டுக்கு விற்கும் உண்ணி மருந்தான டிப்பைக் கைக்கணக்கில் கரைப்பதும் இன்னும் பல வீடுகளில் நடக்கின்றன. ஆறு கிலோ நாய்க்கு இவை நேராக விஷம். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் சேர்ந்த சொட்டு மருந்தை நாய்க்கும் போடாதீர்கள், பூனை செத்துவிடும்.

உங்கள் விஷயத்தில் கடினமான பகுதி அந்த நடுச்சுவர். பக்கத்து வீட்டு நாய்கள் இரண்டுக்கும் மருந்து போடாவிட்டால் உங்கள் உழைப்பில் பாதி வீண். நாய் வரும் முன்பே போய்ப் பேசுங்கள். "உங்கள் நாயால்தான்" என்று ஆரம்பிக்காமல், இரு வீட்டுக்கும் சேர்த்து மருந்தடிக்கலாம், ஒரே நாளில் அடித்தால்தான் பலன் என்று சொல்லுங்கள்.

பிலியரி பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டில் உள்ள பபீசியா ரோசி மிகக் கடுமையான வகை. ஈறு வெளுத்து, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போய், நாய் சோர்ந்து படுத்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் பெரனில் ஊசியை யாராவது போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அதில் சரியான அளவுக்கும் மூளையைத் தாக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சின்ன நாயில் அளவில் ஒரு சிறு பிழையே போதும்.

28 நாள் முடிந்ததும் இரத்த எண்ணிக்கை ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு முறை. அப்போது எதிர்ப்பொருள் சோதனை 'பாசிடிவ்' என்றே வந்தால் பதறாதீர்கள். குணமான நாயிலும் அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அப்படியே காட்டும். இரத்த எண்ணிக்கையையும் நாயின் நடமாட்டத்தையும் பார்த்து முடிவெடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது. ஒரு முறை குணமானது மறுபடி வராமல் காக்காது, புது உண்ணி கடித்தால் புதிதாகவே வரும்.

செல்லப்பிராணி இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராது, அதனால் பரிசோதனைச் செலவைக் கையிலிருந்தே கணக்கிடுங்கள். தற்காலிகப் பராமரிப்புக் காலத்தில் மருந்துச் செலவு காப்பகத்துடையதா உங்களுடையதா என்று எழுத்தில் வாங்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம், குவாசூலு-நாட்டாலில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள், இல்லையென்றால் சிகிச்சை நடக்கும்போது எப்போது போடலாம் என்று டாக்டரிடம் தேதி கேளுங்கள். கருத்தடைக்கு அவசரப்பட வேண்டாம். பிளேட்லெட் இயல்புக்கு வந்தபின், ஆபரேஷனுக்குச் சில நாள் முன் எடுத்த புது ரிப்போர்ட்டோடு கொண்டுபோங்கள். பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாள் குறித்தால் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.