கேம்பாய் அட்வான்ஸ் கேமுக்கு டோலக் சாம்பிள் எங்க எடுக்கிறது?

கொருக்குப்பேட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "கேரம் கிளப்ப வச்சு கேம்பாய் அட்வான்ஸுக்கு (நின்டெண்டோவோட பழைய கையடக்க கேம் மெஷின்) ஒரு கேம் பண்றேன்ணா, மியூசிக்ல டோலக், சட்டி மேளம், ஆர்மோனியம், பின்னாடி கொஞ்சம் வயலின் வேணும். நெட்ல கிடைக்கிற ரிப் சவுண்ட்ஃபான்ட் போட்டுக்கலாமா, இல்ல பேக் வாங்கணுமா? கேம விக்கப் போறேன்."

விக்கப் போறீங்கன்னா ரெண்டுலயும் வில்லங்கம் இருக்கு தம்பி. ரிப் சவுண்ட்ஃபான்ட்னா ரெடிமேட் வாத்திய சத்தத் தொகுப்பு, அது வேணவே வேணாம், அடுத்தவன் கேம்ல இருந்து உருவுனது, அதுலயும் நிறைய சத்தம் ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸ் மாதிரி வாத்திய சத்தம் குடுக்குற பெட்டில இருந்து அவங்க எடுத்தது, உரிமை யாருதுன்னு தேடிப் போனா ரெண்டு மூணு கம்பெனி வந்து நிக்கும். காசு குடுத்து வாங்குற சாம்பிள் பேக்ல சிக்கல் வேற, நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. பாட்டுக்குள்ள மிக்ஸ் பண்ணி வெளியிடலாம், தனி சாம்பிளா, அதாவது துண்டு சத்தமா, குடுக்கக் கூடாதுன்னு நிறைய லைசன்ஸ்ல இருக்கும். ஆனா இந்த மெஷின்ல பாட்டு மிக்ஸ் ஆகி ஒரே ஃபைலா போகாது, ஒவ்வொரு அடியும் தனி சாம்பிளா ரோமுக்குள்ள (கேம் மொத்தமும் இருக்கிற ஃபைல்) கிடக்கும், எவன் வேணா எடுக்கலாம். அதனால வாங்குறதுக்கு முன்னாடி ரோம்ல போடலாமான்னு விக்கிறவங்களுக்கு மெயில் போட்டு பதில எழுத்துல வாங்கிடுங்க.

வயலினுக்கு அலையவே வேணாம். வெர்சிலியன் ஸ்டூடியோஸோட விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன்னு ஒரு ஃப்ரீ சாம்பிள் தொகுப்பு இருக்கு, லைசன்ஸ் சிசி ஜீரோ, அதாவது உரிமைய விட்டுக் குடுத்தது, எதுக்கு வேணா போடலாம். அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டி 1997ல இருந்து ரெக்கார்ட் பண்ணி ஃப்ரீயா குடுக்குறதும் இருக்கு. ஃப்ரீசவுண்ட் வெப்சைட்ல எடுத்தா லைசன்ஸ் ஃபில்டர்ல சிசி ஜீரோ மட்டும் வச்சுக்கங்க, நான்-கமர்ஷியல்னு இருந்தா விக்கிற கேமுக்கு ஆகாது.

டோலக்கும் சட்டியும் நீங்களே ரெக்கார்ட் பண்ணுங்க, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கானா கச்சேரிக்கு வாசிக்கிறவங்களுக்கா பஞ்சம்? ஆடி மாசம் மட்டும் போகாதீங்க, கூழ் ஊத்துற கோயில் வேலையில யாரும் சிக்க மாட்டாங்க. பேசுன காச குடுத்துட்டு, கேம்ல போட்டு விக்கச் சம்மதம்னு ஒரு வாய்ஸ் நோட்டாவது வாங்கி வச்சுக்கங்க. பாட்டா வாசிக்கச் சொல்லாதீங்க, ஒவ்வொரு அடியா, சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் விட்டு, மெல்ல ஒண்ணு பலமா ஒண்ணு. இடது பக்கம் உள்ளங்கைய அழுத்தி இழுக்குற கும்ம நாலஞ்சு விதமா எடுங்க, ஒரே கும் திரும்பத் திரும்ப வந்தா மெஷின் வாசிக்கிறது தெரிஞ்சுடும். போன்லயே எடுக்கலாம், ஆனா வேவ் ஃபைலா சேவ் பண்ற ஆப்பா இருக்கணும், நாய்ஸ் கேன்சல் ஆஃப்ல இருக்கணும். ரூம்ல மெத்தை, போர்வைய நிறுத்தி வச்சு, கன்டெய்னர் லாரி ஓடாத நேரமா பாத்து எடுங்க (அப்படி ஒரு நேரம் உங்க தெருவுல இருந்தா).

இப்ப சுருக்குற வேலை. இந்த மெஷின்ல சாம்பிள் 8 பிட், கேமுக்குள்ள பாட்ட வாசிக்கிற மேக்ஸ்மாட் லைப்ரரி வழக்கமா 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓடும், அதாவது ஒரு செகண்ட் மோனோ சத்தத்துக்கு சுமார் 16 கேபி. அதுல பாதி வரைக்கும்தான் சத்தம் நிக்கும், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறதெல்லாம் போயிடும், டோலக்கோட வலது பக்க அடி மொக்கையாயிடும், அதனால குறைக்கிறதுக்கு முன்னாடியே 4, 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கி விடுங்க. வால்யூமயும் முழுசா ஏத்துங்க, 8 பிட்ல சின்ன சத்தம் வெறும் இரைச்சலாத்தான் வரும்.

ஆர்மோனியம் லூப்தான், அதாவது இழுத்துப் பாட ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓட விடுறதுதான், படுத்தும். ரெண்டு ரீட் சேந்து பாடும்போது லேசா சுருதி விலகி ஒரு அலை வரும், லூப்ப அந்த அலையோட அளவுக்கு வெட்டலன்னா ஒவ்வொரு சுத்துக்கும் விக்கல் எடுக்கும். 440க்கும் 442க்கும் வித்தியாசம் 2, அப்ப அரை செகண்ட் லூப் சரியா உக்காரும், 8 கேபி. அவ்ளோ இடம் இல்லன்னா ஸ்டாப்பர மூடி ஒரே ரீட்ல எடுத்து சின்னதா லூப் போடுங்க, கொஞ்சம் வறட்சியா இருக்கும், பரவால்ல.

கடைசி செக்க ஹெட்போன்ல பண்ணாதீங்க, நிஜ மெஷினோட ஸ்பீக்கர்ல கேளுங்க. அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல கும் காணாமப் போச்சுன்னா பேஸ ஏத்தி பிரயோஜனம் இல்ல, 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறத ஏத்துங்க.