சம்பளமில்லாத அந்த இரண்டு நாள்

தங்கச்சி, உம்முடைய கேள்வியை யாழ்ப்பாணம் நல்லூரில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். பொங்கலுக்கென்று வந்தவள், இன்னும் ஒரு கிழமை இங்கேதான் நிற்பேன்.

நீர் லண்டனுக்குப் போய் நாலு மாதம், சந்தைப்படுத்தலில் முதுமாணிப் படிப்பு. இளையோருக்கு நாடகமும் நடனமும் பழக்கும் ஒரு தொண்டு அமைப்பு கிழமைக்கு இரண்டு நாள் இன்டேர்னாக வரச் சொல்கிறது. சம்பளம் இல்லை, பயணக் காசும் மத்தியானச் சாப்பாட்டுக் காசும் மட்டும். போகலாமா என்று கேட்கிறீர். "பிள்ளையள் கூத்தாடுற இடத்திலை சும்மா வேலை செய்யவோ இவ்வளவு காசு கட்டி அனுப்பினனாங்கள்" என்று கொக்குவிலில் இருந்து அம்மா கேட்டதையும் எழுதியிருக்கிறீர்.

போகலாம். ஆனால் இரண்டு நாள் வேண்டாம், ஒரு நாள் போம்.

காரணம், நீர் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன விஷயம்: சனி ஞாயிறில் தமிழ்க் கடையில் 12 மணித்தியாலம் நிற்கிறீர். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். சம்பளம் இல்லாவிட்டால் அது கணக்கில் வராது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த நாள், இத்தனை மணிக்கு வர வேண்டும், இன்ன வேலை உம்முடைய பொறுப்பு என்று குறித்துத் தந்தால் சம்பளமில்லாத வேலையும் அந்த 20-க்குள் சேரும். விரும்பிய நேரம் போய் ஒரு கை கொடுத்துவிட்டு வரும் தொண்டு மட்டுமே சேராது. இரண்டு நாள் 14 மணித்தியாலம், கடை 12, மொத்தம் 26. ஒரு நாள் என்றால் 19, தப்பலாம். கணக்கு திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்தக் கிழமை கூடினால் அடுத்த கிழமை குறைத்துச் சரிக்கட்ட ஏலாது. கோடை விடுமுறையில் பார்ப்போம் என்றும் இராதேயும். முதுமாணிக்காரருக்குக் கோடை ஆய்வுக் கட்டுரைக் காலம், அதுவும் பெரும்பாலும் படிப்புக் காலமாகவே எண்ணப்படும். இந்தப் பயிற்சியைப் பாடநெறியின் ஒரு பகுதியாக யூனிவேர்சிற்றி ஏற்றுக்கொண்டால் கதை வேறு. முதலில் அங்கேயுள்ள சர்வதேச மாணவர் பிரிவில் போய்க் கேளும்.

காசு விஷயம். பஸ் ரிக்கெற்றைக் காட்டிச் செலவை வாங்குவது சரி. மாதம் முடிய "கைச்செலவுக்கு" என்று ஒரு தொகை தந்தால் அது சம்பளமாகிவிடும், அப்போது குறைந்தபட்சக் கூலி கேட்க உமக்கு உரிமை வரும் (21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2025 ஏப்ரலில் இருந்து 2026 மார்ச் வரை மணிக்கு 12.21 பவுண், 2026 ஏப்ரலில் இருந்து 12.71). கொஞ்ச நாள் போக, "இந்தப் போஸ்டரைத் தனியாகச் செய்து தாரும், பில் அனுப்பும்" என்பார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்பார்கள். ஆனாலும் முடியாது என்று சொல்லும். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, ஒரு பில் என்றாலும்தான்.

இனி வேலை எப்படி என்ற கதை. 2011-இல் நானும் தென் லண்டனில் இப்படி ஒரு இடத்தில் இருந்தேன். செய்திமடல் அனுப்புவது, பள்ளிக்கூடங்களுக்கு மின்னஞ்சல், காசு தருகிற நிதியங்களின் சின்னங்களைத் துண்டுப்பிரசுரத்தின் அடியில் சரியான அளவில் வைப்பது. இந்தச் சின்ன விஷயத்துக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல! ஆனால் நான் படித்தது ஒரு ஸ்ரிக்கரில்.

மூன்றாவது கிழமை பயிற்சிப் பட்டறையில் படம் எடுத்தேன். வட்டமாக நின்று சிரிக்கும் பிள்ளைகள், நல்ல வெளிச்சம். உடனே பேஸ்புக்கில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். பொறுப்பாக இருந்தவ ஓடிவந்து, ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த போனை வாங்கி அதை அழித்தா. ஒரு பிள்ளையின் முதுகில் சின்னச் சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. படம் எடுக்கக் கூடாது என்பதற்கான அடையாளம். அந்தப் பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தது; அது எங்கே இருக்கிறது என்று தகப்பனுக்குத் தெரியவே கூடாதாம். நேற்று இங்கே பக்கத்து முன்பள்ளிப் பொங்கல் விழாவில் ஐம்பது போன் உயர்ந்து நின்றபோது என் கண் தன்பாட்டில் பிள்ளைகளின் முதுகைத்தான் தேடியது.

ஆகவே முதல் நாளே படிவங்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பிள்ளைக்கு அனுமதி இல்லை என்று கேளும். உம்மைப் பற்றிய குற்றப்பதிவுச் சோதனையும் கேட்கக்கூடும், இங்கிருந்து பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கக்கூடும். பதற ஒன்றுமில்லை, பிள்ளைகள் உள்ள இடத்தில் வழமை.

மற்றது, எங்கள் ஊர் நோட்டீஸ் பழக்கம். தலைமை, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர் எல்லாம் வந்தபிறகு மூலையில் நாடகத்தின் பெயர். நானும் அங்கே அப்படித்தான் தொடங்கினேன்: அமைப்பின் வரலாறு, இயக்குநர் வாங்கிய விருது. தவணை இடைவிடுமுறைப் பட்டறைக்கு 20 இடம், பதிந்தது 6 பேர். ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று தாய்மாரிடம் கதைத்தேன். ஒருவரும் விருதைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு முடியும், வாசலில் யார் நிற்பார்கள், எந்த பஸ், ரியூசனோடு முட்டுமா? அந்த நாலையும் மேலே தூக்கி வைத்துத் திருப்பி எழுதினேன். மிச்ச இடங்கள் நிரம்பின. பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்ற தாயின் யோசனைக்குப் பதில் எழுதுவதுதான் அந்த வேலை. அது உமக்கு வரும். ரியூசனை விட்டு நாடகம் பழகப் போக வீட்டில் கெஞ்சிய பிள்ளைகள் தானே நாங்கள்.

ஒன்றை மட்டும் நம்பாதேயும்: அவர்கள் பிறகு விசாவுக்கு ஸ்பொன்சர் செய்வார்கள் என்பதை. 2025 ஜூலையில் இருந்து திறன் தொழிலாளர் விசாவுக்குப் பொதுவான சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுண். 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் குறைவுதான். என்றாலும் சின்னக் கலை அமைப்புக்கு அதுவும் எட்டாத உயரம். அங்கே கிடைப்பது அனுபவமும் ஒரு நல்ல பரிந்துரைக் கடிதமும். அதை வைத்து வேறு இடத்தில் ஏறலாம். அதற்குப் பட்டதாரி விசா (படிப்பு முடிந்தபின் அங்கேயே நின்று வேலை செய்ய விடுவது) இரண்டு வருடம் தரும். 2027 ஜனவரி 1-இலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், ஆகவே பெறுபேறு வந்ததும் 2026 முடியமுன் போட்டுவிடும்.

அம்மாவின் கேள்விக்கு நீர் போனில் பதில் சொல்லித் தீராது. இங்கிருந்து கொக்குவிலுக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். உமக்குச் சம்மதமென்றால் விலாசத்தைத் தனியாக அனுப்பும், வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்க் கதைத்துவிட்டு வருகிறேன்.