“ஒண்ணுமில்லக்கா, டூட்டிதான்”

அன்புள்ள ஐயா,

உங்கள் பட்டாளத்துக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் தம்பி பீரங்கிப் படையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வாரம் இரண்டு தடவை போன் பேசுவான். “இன்னிக்கு என்னடா பண்ணே?” என்றால் “ஒண்ணுமில்லக்கா, டூட்டிதான்” என்பான். பட்டாளத்துக்குப் போகுமுன் வாய் ஓயாதவன். எதையாவது மறைக்கிறானா? சண்டை இல்லாத நாளில் அங்கே என்னதான் செய்வார்கள்?

ஒரு வாசகி, வேலூர்

அன்புள்ள சகோதரி,

17 வருஷம் காலாட்படையில் இருந்த நானும் வீட்டுக்கு இதே பதிலைத்தான் சொன்னேன். எங்கே இருக்கிறான், யூனிட் எப்போது நகர்கிறது என்பதையெல்லாம் அவன் சொல்லக்கூடாது, அது உத்தரவு. மற்றபடி மறைக்க ஒன்றுமில்லை. நேற்றைப் போலவே இன்றும் போயிருக்கும், அதை எப்படிக் கதையாகச் சொல்வது?

கன்டோன்மென்ட் (ஊர்ப்பக்கத்துப் பட்டாளக் குடியிருப்பு) நாளைச் சொல்கிறேன். இருட்டு பிரியும் முன் லங்கரிலிருந்து (எங்கள் சமையற்கூடத்துக்கு அதுதான் பெயர்) டீ வரும். சவரம் செய்தே ஆகவேண்டும், தாடிக்கு சீக்கியர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அப்புறம் பி.டி. என் காலத்தில் அதற்கென்று ஒரு பரீட்சையும் இருந்தது: 5 கிலோமீட்டர் ஓட்டம், கயிறேற்றம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல். காலைச் சாப்பாட்டுக்குப் பின் பரேட், வகுப்பு. சாயங்காலம் விளையாட்டு. பிறகு ரோல்கால், அங்கேதான் மறுநாள் யாருக்கு என்ன டூட்டி என்று வாசிப்பார்கள்.

இதற்கு நடுவே பெரும் பொழுதைத் தின்பது துடைப்பதும் தேய்ப்பதும்தான். துப்பாக்கிக் குழலுக்குள் விட ஒரு கயிறு, அதன் நுனியில் ‘சிந்தி’ என்கிற துணித்துண்டு. இழுக்க இழுக்கக் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை இழுக்கவேண்டும். ஒருமுறை என் குழலில் ஒரு பொட்டுத் துருவை உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) கண்டுவிட்டார். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன், எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. உங்கள் தம்பியிடம் இருப்பது பீரங்கி. அந்தக் குழலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி சென்ட்ரி டூட்டி, அதாவது காவல். இரண்டு மணி நேரம் நிற்பது, பிறகு ஓய்வு, மறுபடி நிற்பது. பகலில் அவன் குரல் சுரத்தில்லாமல் இருந்தால் பாதிக் காரணம் தூக்கம்தான்.

சண்டை இல்லாத நாள் என்கிறீர்கள். நான் வடக்கே பாகிஸ்தானை ஒட்டிய சியாச்சின் பனிமலையிலும் இருந்திருக்கிறேன். மேலே போகுமுன் உடம்பு பழக வேண்டும்: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000க்கு மேல் நாலு நாள், 15,000க்கு மேல் இன்னொரு நாலு நாள். மேலே காவல் இருக்கும் போஸ்ட்டில் சவரம் கிடையாது, பி.டி. கிடையாது. கூடாரத்தின் மேல் விழுந்த பனியை வாரிக் கொட்டுவோம். அது முடிவதற்குள் அடுத்தது விழுந்திருக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் பனியை உருக்கவேண்டும். நாள் முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பின் புகை, காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி இறுகிக் கிடக்கும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் துப்பாக்கியைத் துடைத்தாகவேண்டும். பாகிஸ்தானோடு செய்துகொண்ட போர்நிறுத்தத்தால் அங்கே 2003 நவம்பரிலிருந்தே துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன. 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்ட்டில் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியபோதும் யாரும் சுடவில்லை. 

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பனி வாருவதையும் அடுப்பு மூட்டுவதையும் போனில் சொன்னால் அம்மாவுக்கு என்ன விளங்கும் என்று நானும் “டூட்டிதான்” என்று முடித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை “என்ன பண்ணே” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு லங்கர்ல என்னடா?” என்று கேளுங்கள். யூனிட்டில் வடக்கத்தி ஆட்கள் அதிகம் என்றால் சப்பாத்தியும் ராஜ்மாவும்தான் பெரும்பாலும். அங்கே எப்போதாவது வைக்கும் சாம்பாரைப் பற்றிக் கேட்டுவிட்டால், போனில் சார்ஜ் தீரும்வரை விடமாட்டான்.