கேள்வி - பதில்: எங்கள் தெருவில் நாலு குடும்ப வீடு வரலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் எல்லாம் தனி வீடுகள். பக்கத்துக் காணியில் பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு குடும்பம் இருக்கக்கூடிய வீடு கட்டுகிறார்கள். தெரு கெட்டுவிடும், வீட்டு விலை விழும் என்று அயலவர்கள் மனு எழுதுகிறார்கள். நானும் கையெழுத்துப் போடலாமா ஐயா?
(வாசகி, ஸ்காபரோ)

பதில்: வேண்டாம் பிள்ளை.

1991 இல் நான் கனடா வந்தபோது எக்ளிண்டன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்றில் ஏழு பேர் இருந்தோம். ஒரேயொரு யன்னல், அதில் தலைகூட நுழையாது. வெளியே போவதென்றால் அடுப்பைக் கடந்துதான் மரப்படி ஏறவேண்டும். சமைக்கும்போது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று படுக்கும்போதெல்லாம் யோசிப்பேன். அந்த பேஸ்மென்றுக்கு அனுமதி கிடையாது. மழைக்குத் தண்ணீர் ஊறி மெத்தை நனைந்தபோதும் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட்டால் நகரசபை ஆள் வருவார், அப்புறம் நாங்கள்தான் தெருவில் நிற்கவேண்டும்.

ரொறன்ரோவின் குடியிருப்புக் காணிகளில் பெரும்பகுதியில் பல காலமாகத் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று இருந்தது. திட்ட வரைபடத்தில் அந்த இடங்கள் மஞ்சள் நிறம், அதனால் ‘மஞ்சள் பட்டை’ என்பார்கள். 2023 மே மாதம்தான் நகரம் முழுவதும் ஒரு காணியில் நாலு வீடுகள் வரை கட்டலாம் என்று மாநகரசபை முடிவெடுத்தது. தனித்தனி அறைகளாக வாடகைக்கு விடும் ‘ரூமிங் ஹவுஸ்’ கதை இன்னும் மோசம். 1998 இல் ஸ்காபரோ உள்ளிட்ட நகரங்கள் ரொறன்ரோவோடு ஒன்றான பிறகும் ஸ்காபரோவில் அதற்குத் தடை நீடித்தது. 2024 மார்ச் 31 இலிருந்துதான் உரிமத்தோடு எங்கும் நடத்தலாம் என்று ஆனது. தடை இருந்த காலத்தில் அப்படி யாரும் வாழவில்லையா? எங்கள் மாணவர்களும் புதிதாய் வந்தவர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள், பரிசோதகர் கண்ணில் படாமல்.

விலை பற்றிப் பயப்படாதீர்கள். நாலு வீடு கட்டக்கூடிய காணிக்குக் கிராக்கி குறைய எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சரி, வாடகை குறைந்துவிடுமா? உடனே குறையும் என்று பொய் சொல்லமாட்டேன். ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த வீடுகளுக்கு வருடாந்த வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. உங்கள் பக்கத்துக் காணியில் எழும்பும் வீட்டுக்கும் அதே நிலைதான். அங்கே வரப்போகும் குடும்பத்துக்கு அடுத்த வருடம் எவ்வளவு ஏறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான். என் மகள் தாதி. ஸ்காபரோவில் வாடகை கட்டுப்படியாகாமல் ஓஷவாவில் இருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறாள்.

அயலவர்கள் மனு எழுதத்தான் போகிறார்கள் என்றால், அந்த உச்சவரம்பைப் புது வீடுகளுக்கும் கொண்டுவரச் சொல்லி மாகாண சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.